கந்தப்பளையைத் தொலைவாக்கியது எது?

இமயமலையின் ஸ்பித்திப் பள்ளத்தாக்கில் கிப்பர் என்றொரு ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 4,200 மீற்றருக்கு மேல். குளிர்காலம் வந்துவிட்டால் மணாலிப் பக்கத்திலிருந்து அங்கே போகும் குன்சும் கணவாய் பனியில் மூடிக்கொள்ளும், மாதக்கணக்கில் திறக்காது. அடுப்புக்கு விறகும் வரட்டியும், மாட்டுக்குத் தீவனமும் கோடையிலேயே கூரைமேல் ஏறிவிடும். தடித்த மண்சுவர், சின்ன யன்னல், தட்டைக் கூரை என்று குளிரை அறிந்தவர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட வீடுகள். நம் கந்தப்பளை அதில் பாதி உயரம்கூட இல்லை. ஊட்டியும் சிம்லாவும் இதைவிட உயரம். ஜனவரி, பெப்ரவரி விடியலில் உறைபனி விழுந்து கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்கிவிடுவது உண்டுதான். ஆனால் பனியில் வழியடைந்துபோன ஊர் என்று இதை யாரும் சொல்ல முடியாது. நுவரெலியாவிலிருந்து ராகலைக்குப் போகும் பெருவீதியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும், அந்த வீதியிலிருந்து பிரிந்து மேலேறும் தோட்டப்பாதையின் கடைசியில் உள்ள லயத்தில் நடுநிசியில் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தால், நுவரெலியா வைத்தியசாலை திடீரென்று வெகுதூரம் போய்விடுகிறது. இதற்கு மலையையும் மழையையும் காரணம் காட்டுவது நம்மிடையே பழகிப்போன வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதை யாருடையது, வீடு யாருடையது என்ற இரண்டு கேள்விகளுக்கு இந்த நாடு கொடுத்துவந்த விடைதான் கந்தப்பளையைத் தொலைவாக்கியது.

ரயிலின் கதையைப் பாருங்கள். நானுஓயாவில் தொடங்கி நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்குப் போன இரண்டரை அடிக் குறும்பாதை 1904இல் முழுமையடைந்தது. கந்தப்பளை நிலையத்தின் உயரம் 6,316 அடி. இன்று இலங்கையின் மிக உயரமான நிலையமாக இருக்கும் பட்டிப்பொல அதற்குக் கீழேதான். ஆக, நூற்றிருபது வருடங்களுக்கு முன்பே இந்த மலைக்கு ரயில் ஏற்ற முடிந்திருக்கிறது. ஏறியது தேயிலைப் பெட்டிக்காக. லொறி வந்து அந்த வேலையை எளிதாக்கியதும் 1940களில் ரயில் நின்றது, தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். மேலே வாழ்ந்தவர்களுக்கு ரயில் வேண்டுமா என்பது அந்தக் கணக்கில் வரவேயில்லை. பிறகு ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1990களில் உல்லாச ஹோட்டலாக மாறியது. அங்கே நிறுத்திவைத்திருக்கும் குறும்பாதை ரயில் பெட்டியில் விருந்தினர் இராப்போசனம் சாப்பிடுகிறார்கள். கந்தப்பளையின் லீக்ஸும் கரட்டும் கோவாவும் இரவோடிரவாகக் கொழும்புக்குப் போய்ச் சேர்கின்றன. சுற்றுலாப் பயணிக்கும் மரக்கறிக்கும் வழிவிடுகிற மலை, லயத்து நோயாளியை மட்டும் மறிக்கிறது என்றால், மறிப்பது மலையாக இருக்க முடியாது.

சட்டத்துக்கு வருவோம். 1948இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்குபோட்டது. இவை நாம் அறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாதது 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம். அதன் ஒரு பிரிவின்படி, தோட்ட எல்லைக்குள் பிரதேச சபை தன் விருப்பப்படி பணம் செலவழித்துப் பாதை போடவோ விளக்கு வைக்கவோ முடியாமலிருந்தது, ஏனென்றால் தோட்டம் தனியார் நிலம்போலவே கருதப்பட்டது. வாக்குரிமை கிடைத்தும், வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபை தோட்ட வாசலோடு நின்றுவிட்டது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. சபைகளின் அளவும் இன்னொரு அநியாயம்: நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைச் சுமந்துகொண்டிருந்தன, வெகு சிறிய சபைகள் பல இருக்கும் நாட்டில், இவை பிரிக்கப்படுவதற்கே அண்மைக்காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடிதம்கூடப் பல தோட்டங்களில் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்துதான் வீட்டுக்கு வரும். அரசுக்கும் குடிமகனுக்கும் நடுவே எப்போதும் ஒரு துரை.

வீடு இதைவிட மோசம். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு சிறு விறாந்தை, மேலே தகரம். குளிரை நினைத்துக் கட்டியதல்ல. பிரட்டுக்களத்துக்கு ஆள் சேர்க்கக் கட்டியது. கொங்காணியும் படங்கும் ஈரமாகத் திரும்பி வந்தால் காயவைக்க அடுப்படிதான். கிப்பர்க்காரன் சுவரைத் தடிப்பாக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவரும் ஒரு அறையைக் கூட்டிக் கட்டத் தோட்ட நிர்வாகத்திடம் நிற்க வேண்டும். மண்சரிவு நேரத்தில் இதன் முழு விலையும் தெரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோதும் சரி, அதற்கு முந்திய மழைகளிலும் சரி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை சொல்வது ஒன்றுதான்: ஆபத்தான சரிவில் இருந்தால் வெளியேறுங்கள். சரியான அறிவுரை. சொந்தத்தில் ஒரு துண்டு நிலமில்லாதவர் வெளியேறி எங்கே போவார்? பாடசாலைக்குப் போவார், மழை விட்டதும் அதே லயத்துக்குத் திரும்புவார்.

தோட்டம் ஒன்றும் கைவிடவில்லையே, பிள்ளைமடுவமும் மருந்தகமும் வைத்து நடத்துகிறதே என்பார்கள். உண்மை, சில இடங்களில் நன்றாகவே நடக்கின்றன. ஆனால் வேலை கொடுப்பவரின் தயவில் கிடைப்பது அவர் இலாபம் குறைந்தால் குறையும். வீட்டில் யாரும் தோட்டத்தில் பேர் போடாவிட்டால் அந்தக் குடும்பத்தின் உரிமை என்ன என்ற கேள்வியும் எழும். இன்றைய இளையோர் பலர் கொழும்புக் கடைகளிலும் வெளிநாட்டிலும் உழைக்கிறார்கள். அப்படியானால் அந்தக் கேள்வி ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறது. கனமான மறுப்பு இன்னொன்று: காணியைப் பிரித்துக் கொடுத்தால் தேயிலைத் தொழில் அழியும். இதற்கு விடை இலங்கைத் தேயிலையே சொல்கிறது. நாட்டின் உற்பத்தியில் மிகப் பெரும்பங்கு இப்போது சிறுதோட்டச் செய்கையாளருடையது. பெரும்பாலும் தாழ்நாட்டில், சொந்த நிலத்தில் பயிரிடுகிறவர்கள். நிலம் கையிலிருந்ததால் அவர்கள் தேயிலையை அழிக்கவில்லை. கந்தப்பளையிலேயே லயத்தோரத்து மரக்கறிப் பாத்திகளைப் பாருங்கள். உரித்தில்லாத மண்ணிலேயே இவ்வளவு உழைப்பு. தவிர, கேட்கப்படுவது முழு மலையல்ல. 2015க்குப் பிந்திய வீட்டுத்திட்டங்களில் ஒதுக்கப்பட்ட 7 பேர்ச் என்பது 180 சதுர மீற்றருக்கும் குறைவு.

2020 ஒக்டோபரில் இமாசலப் பிரதேசத்தில் 9 கிலோமீற்றர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்தது. அங்குள்ள லாகௌல் பள்ளத்தாக்கு மக்களின் குளிர்காலச் சிறை உடைந்தது. அங்கே மலையைக் குடைய வேண்டியிருந்தது. கந்தப்பளைக்கு வேண்டியது அந்த அளவுக்குச் செலவில்லாதது: தோட்டப்பாதைகளைப் பிரதேச சபைக்கு ஒப்படைக்கும் வர்த்தமானி, சரிவு பரிசோதித்த நிலம், அந்த நிலத்துக்குக் குடும்பத்தின் பேரில் காணி உறுதி. அடுத்த முறை வாக்குக் கேட்டு லயத்துக்கு வருகிறவரிடம் சம்பளக் கணக்கோடு இந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.