வயிறு மட்டும் தயாரானால் போதுமா?

சாப்பாட்டு மேசையில் அக்காவின் முன்னால் ஓர் எவர்சில்வர் டம்ளர். அதில் வடிகட்டிய பருப்புத் தண்ணீர். உப்பும் சீரகமும் மட்டும் போட்டது. பக்கத்தில் இருமல் மருந்து பாட்டிலின் பிளாஸ்டிக் மூடி. மூடியில் ஊற்றுவாள், ஒரு வாய் உறிஞ்சுவாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், காத்திருப்பாள். மறுபடி ஒரு வாய். டம்ளர் காலியாக 35 நிமிடம் ஆனது. அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பச்சைப் பிள்ளைக்குப் பாலாடையில புகட்டுற மாதிரி இருக்குடி" என்றாள்.

அக்காவுக்கு அப்போது அறுவை சிகிச்சை நடக்கவில்லை. அதற்கு இன்னும் 18 நாள் இருந்தது. அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அருகருகே வைத்த இரண்டு புகைப்படங்கள்தான்: 'முன்பு', 'பின்பு'. இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதர் எப்படித் தயாரானார் என்பதை எந்த விளம்பரமும் காட்டுவதில்லை. அறுவை சிகிச்சைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும். அதற்கான தயாரிப்புக்கு மாதங்கள் வேண்டும். அக்காவுக்கு 4 மாதம் ஆனது. அந்த மாதங்களில்தான் சிகிச்சையின் பாதி வெற்றி இருக்கிறது என்பதை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

யாருக்கு இந்தச் சிகிச்சை?

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி (2019-21), தமிழ்நாட்டில் பெண்களில் சுமார் 40 சதவிகிதம் பேரும், ஆண்களில் 37 சதவிகிதம் பேரும் அதிக எடை அல்லது உடல் பருமனோடு இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. அதுதான் முதல் அளவுகோல். 1991-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு, பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது சர்க்கரை நோய் போன்ற உபாதைகளோடு 35-க்கு மேல் என்று வரையறுத்தது. 2022-ல் சர்வதேச அமைப்புகள் அதைத் திருத்தின. இணைநோய் இல்லாவிட்டாலும் 35 போதும். சர்க்கரை நோய் போன்ற வளர்சிதை மாற்ற நோய் இருந்தால் 30-லேயே பரிசீலிக்கலாம். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், 25-ல் தொடங்குவதையே பருமனாகக் கொள்ள வேண்டும் என்றும் அவை சொல்கின்றன.

அக்காவின் உயரம் 160 சென்டிமீட்டர், எடை 96 கிலோ. பி.எம்.ஐ. 37.5. எட்டு வருடச் சர்க்கரை நோய், பக்கத்து அறை வரை கேட்கும் குறட்டை. டயட், நடை, ஜிம் எல்லாவற்றையும் பார்த்தவள். குறைந்த எடை ஒவ்வொரு முறையும் வட்டியோடு திரும்பி வந்தது. "வாயைக் கட்டத் தெரியல, கத்தி வைக்கப் போறா" என்று உறவில் ஒருவர் சொன்னபோது அவள் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. உடல் பருமன் சோம்பேறித்தனத்தின் தண்டனை அல்ல. எடை குறையக் குறையப் பசியைக் கூட்டி, ஆற்றல் செலவைக் குறைத்து, பழைய எடைக்கே இழுப்பது உடலின் இயல்பு. 1987-ல் தொடங்கிய ஸ்வீடன் ஆய்வு ஒன்று, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்ததை 2007-ல் வெளியிட்டது. இது அழகுக்காகச் செய்வதல்ல, ஆயுளுக்காகச் செய்வது.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் முதலிலேயே பாலிசியைப் படித்துவிடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த பொது விதியில், பி.எம்.ஐ. 40, அல்லது கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவற்றோடு 35 இருக்க வேண்டும் என்று உள்ளது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எளிய சிகிச்சைகள் பலிக்கவில்லை என்பதற்கும் சான்று வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

கல்லீரல் சுருங்க இரண்டு வாரம்

பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் சேர்ந்தே போய்விடும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு சிறு பையை உண்டாக்கி, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கிறார்கள்.

இதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனைகள், ஈ.சி.ஜி., எக்கோ, எண்டோஸ்கோப்பி, பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன். தைராய்டு, இரும்புச் சத்து, வைட்டமின் டி, பி12 அளவுகளையும் பார்க்கிறார்கள். குறைபாடு இருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும். பின்னால் சாப்பாடும் குறையும், சத்தை உறிஞ்சுவதும் குறையும். தூக்கப் பரிசோதனையில் அக்காவுக்கு மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவது தெரிந்தது. இரவில் சீரான மூச்சுக்கு உதவும் சி-பேப் கருவியின் முகமூடியைப் போட்டுத் தூங்கப் பழகினாள். மயக்க மருந்தின்போது இந்தப் பிரச்னை உயிருக்கே ஆபத்தாகலாம். புகைப்பவர்கள் குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் புண் ஆறாது, நுரையீரலும் ஒத்துழைக்காது.

கடைசி இரண்டு வாரம்தான் கடினம். கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் படுத்திருக்கிறது. பருமனானவர்களுக்கு அது கொழுப்பேறி, கனத்து, எளிதில் கிழிந்து ரத்தம் கசியக்கூடியதாக இருக்கும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவையில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். நாளுக்கு 800 முதல் 1,200 கலோரி, மாவுச்சத்து குறைவு, புரதம் அதிகம் என்று சாப்பிட்டால் கல்லீரல் சுருங்கி வழிவிடும். இட்லி, சாதம், சர்க்கரை போட்ட காபி மூன்றையும் ஒரே நாளில் நிறுத்திய அக்காவுக்கு முதல் மூன்று நாள் தலைவலி. சர்க்கரை நோயாளிகள் மருந்தின் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றாமல் இந்த டயட்டைத் தொடங்கக் கூடாது. ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

"எப்போது சாப்பிடுகிறீர்கள்?"

மனநல ஆலோசகரிடம் அனுப்பியபோது அக்கா கோபப்பட்டாள். "எனக்கென்ன பைத்தியமா?" என்றாள். அது பாஸா ஃபெயிலா என்று போடும் பரீட்சை அல்ல. மன அழுத்தம், கட்டுக்கடங்காமல் சாப்பிடும் பழக்கம், மதுப் பழக்கம் போன்றவை இருந்தால் முதலில் அவற்றுக்கு உதவி செய்யத்தான். ஆலோசகர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. எப்போது, ஏன் என்று கேட்டார். ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

அந்த நோட்டை அக்கா என்னிடம் காட்டினாள். மாலை 6.40. முறுக்கு, எண்ணவில்லை. 'பசி இல்லை. ஆபீஸில் எல்லார் முன்னாலும் திட்டு.' இரவு 11.10. ஃபிரிட்ஜில் இருந்த பாயசம். 'பசி இல்லை. தூக்கம் வரவில்லை.' ஏழு நாளில் பதினோரு இடத்தில் 'பசி இல்லை' என்று இருந்தது.

அவளுக்கு ஆறுதல் சொல்லும் துணையாகச் சாப்பாடுதான் இருந்திருக்கிறது. அறுவை சிகிச்சை அந்தத் துணையைப் பறித்துவிடும். துக்கம் அப்படியே இருக்கும். அந்த வெற்றிடத்தைச் சிலர் மதுவால் நிரப்புகிறார்கள். இந்தச் சிகிச்சைக்குப் பின் மது வேகமாக ரத்தத்தில் ஏறும் என்பதால் ஆபத்து இரட்டிப்பு. சிலருக்குத் தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்று ஆய்வுகள் எச்சரிப்பதால், மனநல ஆலோசனை பின்னாலும் தொடர வேண்டும். அக்கா மாற்று வழிகளை முன்கூட்டியே பழகினாள். ஆபீஸிலிருந்து வந்ததும் நேரே மொட்டைமாடியில் இருபது நிமிட நடை. பிறகு எனக்கொரு போன்.

எதிர்பார்ப்பையும் சீராக்க வேண்டும். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டலாம், பெரும்பாலும் திரும்ப வளரும். தோல் தொங்கலாம். சில வருடங்களில் கொஞ்சம் எடை திரும்பக்கூடும். பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால் கருத்தடை பற்றி முன்பே பேசிவிட வேண்டும். எடை குறைந்ததும் வீட்டுச் சண்டைகள் தீர்ந்துவிடும் என்று நம்பி யாரும் அறுவை மேசைக்குப் போகக் கூடாது.

வீடும் பழக வேண்டும்

"அடுத்த முறை சமைக்கிறவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார் டயட்டீஷியன். அம்மா போனாள். முதலில் நீர் ஆகாரம், பிறகு கூழ் பதம், பிறகு குழைந்த உணவு. வழக்கமான சாப்பாடு வர சுமார் இரண்டு மாதம் ஆகும் என்று அங்கே கேட்டாள். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். ஆகவே தட்டில் முதல் வாய் முட்டை, மீன், பனீர், சுண்டல்; சாதம் கடைசியில், இடமிருந்தால். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி இடைவெளி வேண்டும். சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து விழுங்கும் நம் பழக்கத்துக்கு இதுதான் பெரிய சவால். வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்க.

அம்மா எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டாள். ஆனால் அவளுக்கு எழுதிப் பழக முடியாத ஒன்று இருந்தது. "இன்னும் ஒண்ணு வச்சுக்கோ" என்று சொல்லாமல் அவளால் யாருக்கும் பரிமாற முடியாது. நாற்பது வருடமாக அவள் பாசம் அந்த வார்த்தையில்தான் இருந்தது.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது சலுகை விலையைப் பார்க்காதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, மயக்க மருந்து நிபுணர் முன்கூட்டியே பரிசோதிக்கிறாரா, ஒரு வருடம் கழித்தும் நம்மைத் தொடர்ந்து பார்க்கப்போவது யார் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்காக அதிகம் நடக்க வேண்டியிருக்கும், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

அறுவை முடிந்த அன்று மாலையே அக்காவை நடக்க வைத்தார்கள். கால் ரத்தநாளங்களில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் முக்கியம். மறுநாள் காலை, தண்ணீர் கொடுக்கலாம் என்றார் நர்ஸ். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த அந்தப் பிளாஸ்டிக் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அக்கா ஒரு வாய் உறிஞ்சி, போதும் என்று கையைக் காட்டினாள். அம்மாவின் உதடு 'இன்னும்' என்று அசைந்தது. சொல்லவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.