கோ-ஆப்டெக்ஸும் ஜனங்களின் அபிருசியும்

உடை விஷயத்தில் ஜனங்களின் அபிருசி நிலையானதன்று. பாட்டிக்குப் பதினெட்டு முழம் இன்றியமையாததாயிருந்தது. தாய்க்கு ஆறு கெஜம் போதுமாயிற்று. பேத்தியோ சுரிதார் அணிந்து கல்லூரிக்குச் செல்கிறாள். இதைக் கண்டு பெருமூச்சு விடுவதில் பயனொன்றுமில்லை. நேற்று விற்றது நாளையும் விற்குமென்றிருக்கும் வியாபார ஸ்தாபனம் நாளடைவில் க்ஷீணிக்குமென்பது திண்ணம். தனியார் கடையானால் நஷ்டத்தின் பெரும்பகுதி முதலாளியைச் சேரும். கோ-ஆப்டெக்ஸ் விஷயம் அவ்வாறன்று.

1935-ம் வருஷத்தில் தோன்றிய இக்கூட்டுறவு ஸ்தாபனம், ஊர்தோறுமுள்ள நெசவாளர் சங்கங்களின் துணிகளைக் கொள்முதல் செய்து தன் கடைகளில் விற்பது. கடையில் சரக்குத் தேங்கினால் கொள்முதல் குறையும். கொள்முதல் குறைந்தால் சங்கம் பாவு கொடுப்பது குறையும். பாவின்றேல் தறி ஓயும். பட்டணத்துப் பெண்மணி ஒருத்தி புடவையைப் புரட்டிப் பார்த்து வேண்டாமென்று வைத்துவிடுவது, எங்கோ ஒரு கிராமத்து அடுப்பைத் தொடுகிறது. 2019-20 கணக்கெடுப்பின்படி பாரத தேசத்தில் கைத்தறியையும் அதன் துணைத்தொழில்களையும் நம்பியவர் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஸ்திரீகள் என்பதை மறத்தலாகாது.

தேங்கிய சரக்கை விற்கப் பண்டிகைக்காலத் தள்ளுபடி உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஜனங்கள் எதை விரும்புகிறார்களென்பதை அது சொல்லாது. தள்ளுபடிக்குக் காத்திருக்கும் வழக்கத்தையே வளர்க்கும். அதனினும் மேலான முயற்சிகள் நடைபெறாமலில்லை. நெய்தவர் பெயரும் படமும் கொண்ட அட்டையைப் புடவையுடன் வைத்தனர். மறைந்துபோன பழைய கரைகளையும் முந்தானைகளையும் மீண்டும் நெய்வித்தனர். இளைஞரிடையே வேட்டியைப் பரப்ப வேட்டி தினம் கொண்டாடினர். வேட்டி கட்டியவரைக் கிளப்புகள் தடுக்கலாகாதென்று 2014-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டமே செய்தது. அபிருசியின் பின்னால் ஓடுவது மட்டுமன்று, அபிருசியை உண்டாக்குவதும் கூடுமென்பதற்கு இவை சான்று.

எனினும் மாறுதலின் செலவை யார் ஏற்பது? இதுவே முக்கியமான கேள்வி. புதிய கரை வேண்டுமென்று தலைமைக் காரியாலயத்தில் ஒரு வரியில் எழுதிவிடலாம். நெசவாளியோ ஜக்கார்டுப் பெட்டிக்குப் புது அட்டை பெற வேண்டும். தறியைத் திருத்த வேண்டும். கை பழக வேண்டும். நெய்த உருப்படிக்கே கூலி பெறுபவனுக்கு அந்நாட்கள் பட்டினி நாட்களே. அவன் பழைய மாதிரியையே விடாது பற்றிக்கொள்வது பிடிவாதமன்று, பயம்.

ஆகவே புது மாதிரி பழகும் நாட்களுக்குக் கூலி அளிப்பதும், அம்மாதிரி விற்காவிடில் அந்நஷ்டத்தை ஸ்தாபனமே ஏற்பதும் முதற்கடமை. கடைச்சிப்பந்திகள், வாங்கியவர் சொன்னதோடு வாங்காது சென்றவர் சொன்னதையும் குறித்து வாரந்தோறும் சங்கங்களுக்கு அனுப்புவது இரண்டாவது. நெசவாளியை நிபுணனாக மதித்து, மாதிரி வகுக்கும் ஆலோசனையில் அவனையும் உட்கார வைப்பது மூன்றாவது.

நமது கடமையும் ஒன்றுண்டு. கைத்தறியைப் புகழ்ந்து பேசி மில் துணி வாங்கித் திரும்புவது தேசாபிமானமாகாது. பிடிக்காத துணியைத் தர்மத்துக்காக வாங்க வேண்டுவதில்லை; எது பிடிக்குமென்பதைக் கடையில் வாய்திறந்து சொல்லிவிட்டாவது வருவோமாக. அச்சொல் தறிவரை சென்று சேரும்படி செய்வது ஸ்தாபனத்தின் பொறுப்பு.