ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளைக்கு லயம் இல்லையா? இணையத்தில் சேர்ந்து வாசிப்பதன் சிக்கல்

யாழ்ப்பாணத்திலிருந்து இணையவழியாக மிருதங்கம் படிப்பிக்கும் என்னிடம் புலம்பெயர் நாடுகளில் உள்ள பெற்றோர் அடிக்கடி கேட்பது இதுதான்: "தனிய வாசிக்கேக்கை நல்லா வாசிக்கிறான். உங்களோட சேர்ந்து வாசிச்சா மட்டும் ஏன் சேர் பிந்துது?" காரணம் இடையிலுள்ள தூரம்.

ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்கிறது. மேடையில் மூன்று மீற்றர் தள்ளி இருப்பவரின் வாசிப்பு 9 மில்லிசெக்கனில் நம்மை வந்தடையும். அதை நாம் உணர்வதே இல்லை. தாமதம் 25, 30 மில்லிசெக்கனைத் தாண்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒருவருக்காக மற்றவர் காத்திருக்க, காலப்பிரமாணம் மெல்ல மெல்ல இறங்கிவிடும்.

கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே நேர்தூரமே 13,000 கிலோமீற்றருக்கு மேல். எவ்வளவு வேகமான இணைப்பை எடுத்தாலும் ஒரு வழிக்கே 65 மில்லிசெக்கனுக்குக் குறையாது. கேபிள் சுற்றிவரும் பாதை, கணினி, வைஃபை எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும்.

ஒரு வழிக்கு 100 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்வோம். நான் போடும் தாளம் பிள்ளைக்குப் பிந்திக் கேட்கிறது. கேட்டபடி சரியாக அவன் வாசிப்பது எனக்கு மீண்டும் பிந்தி வருகிறது. மொத்தம் 200 மில்லிசெக்கன். நிமிடத்துக்கு 80 அட்சர வேகத்தில் ஓர் அட்சரத்தின் கால்வாசியே 187 மில்லிசெக்கன்தான். சரியாக வாசித்த பிள்ளை என் காதில் கால் அட்சரத்துக்கு மேல் பிந்திவிடுகிறான்.

அப்படியானால் சேர்ந்து வாசிக்கவே முடியாதா? மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, கிட்ட உள்ளவர்களோடு நேரடியாக வாசிப்பது. யாழ்ப்பாணம் – கொழும்பு 400 கிலோமீற்றர் கேபிளுக்கு 2 மில்லிசெக்கன் போதும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஜாக்டிரிப், இலவச மென்பொருளான ஜமுலஸ் ஆகியவை இதற்கென்றே உள்ளன. வைஃபையை விட்டு வயர் இணைப்பும், புளூடூத் அல்லாத ஹெட்போனும் அவசியம். ஸூம் பேசுவதற்காகச் செய்யப்பட்டது. சுருதிப் பெட்டியின் ஒலியை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். அதிலேயே வகுப்பு நடத்துவோர் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தாமதத்தை வேண்டுமென்றே கூட்டுவது. 2005இல் வந்த நிஞ்சாம் மென்பொருளில் மற்றவர் வாசித்தது ஒரு முழுச் சுற்றுப் பிந்திக் கேட்கும். ஆவர்த்தனம் பிந்தினாலும் சமம் சமத்திலேயே விழும். ஆனால் பாடகரின் சங்கதியைப் பிடித்து உடனே வாசிக்க இது உதவாது.

மூன்றாவது, தனித்தனியாகப் பதிவுசெய்து இணைப்பது. 2010இல் எரிக் விட்டேக்கர் 12 நாடுகளின் 185 குரல்களை இப்படித்தான் ஒரே பாடலில் சேர்த்தார். கொரோனாக் காலத்தில் நாம் பார்த்த பல கூட்டுக் காணொளிகளும் இவ்வகையே.

வகுப்புக்கு நான் கைக்கொள்ளும் விதி ஒன்றுதான்: தாளம் போடுபவரும் வாசிப்பவரும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளையோ, பக்கத்தில் இருக்கும் தாயோ தாளம் போடட்டும், ஆசிரியர் கேட்கட்டும். லயத்தில் பிழை இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். அதைப் பார்க்காமல் 'உனக்கு லயம் இல்லை' என்று ஒரு பிள்ளைக்குச் சொன்னால், அவன் மிருதங்கத்தையே மூடிவைத்துவிடக்கூடும்.