செங்காந்தள்: பெயர் வழக்கும் நச்சுத்தன்மையும்

குறிஞ்சிப்பாட்டின் மலர் நிரலில் முதலாவதாக இடம்பெறும் காந்தள், சங்கப் புலவர்களால் மகளிர் கைவிரலுக்கும் பாம்பின் படத்திற்கும் ஒப்பிடப்பட்ட மலராகும். செங்காந்தள் இன்று தமிழ்நாட்டின் மாநில மலராகத் திகழ்கிறது. 1753இல் லின்னேயசு இதற்குக் குளோரியோசா சுப்பர்பா எனப் பெயரிட்டார். அழகால் அறியப்பட்ட இக்கொடி கடும் நஞ்சுடையது. இதன் தமிழ்ப்பெயர்கள் அந்நஞ்சினை எந்த அளவிற்கு உணர்த்துகின்றன என்பது ஆய்விற்குரியது.

பெயர்களும் பொருளும்

வேலியிலும் புதரிலும் படரும் இக்கொடியின் இலைநுனியே பற்றுக்கம்பியாக நீள்கிறது. பசுமை கலந்த மஞ்சளாக விரியும் ஆறு இதழ்கள் நாள்தோறும் சிவப்பேறுகின்றன. கார்த்திகை மாதத்தையொட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ என்றும், கவைத்த கிழங்கு கலப்பை வடிவினதாதலால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர் பெற்றது. மலரை உற்றுநோக்கினால் கண் வலிக்கும் என்ற நாட்டார் நம்பிக்கை, கண்வலிக்கிழங்கு என்னும் பெயருக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இப்பெயர்கள் முறையே பருவத்தையும் வடிவத்தையும் நம்பிக்கையையும் சுட்டுகின்றன. உண்டால் நேரும் கேட்டினைச் சுட்டவில்லை. கிழங்கு என்னும் சொல்லோ, இதனைச் சேப்பங்கிழங்கு போன்ற உணவுப்பெயர்களின் வரிசையில் நிறுத்துகிறது. கருவைச் சிதைப்பது எனப் பொருள்படும் வடமொழிப் பெயர் இதனின்று வேறுபட்டு, கருவுற்ற மகளிர்க்குரிய எச்சரிக்கையைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

மருந்தும் நஞ்சும்

கொடியின் எல்லா உறுப்புகளிலும் கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள் உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. கீல்வாதத்திற்கு நவீன மருத்துவம் இதனைப் பயன்படுத்துகிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதிகளில் விதைக்காகவே இக்கொடி பயிரிடப்படுகிறது. சித்த மருத்துவத்தில் கிழங்கைச் சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்ப்பது மரபு.

கோல்ச்சிசின் உயிரணுப் பிரிவைத் தடுப்பது. ஆதலின் விரைந்து பிரியும் அணுக்களைக் கொண்ட குடலும் எலும்பு மச்சையும் பெரிதும் தாக்கப்படுகின்றன. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தோன்றும். அடுத்த நாள்களில் சிறுநீரகம், இதயம் முதலியன செயலிழக்கக்கூடும். பிழைத்தவர்க்கு இரண்டொரு வாரத்தில் முடி உதிரும். மாத்திரை ஒன்றில் உள்ள கோல்ச்சிசின் ஏறத்தாழ 0.5 மில்லிகிராமே. கிழங்கில் அதன் அளவு இடத்திற்கும் பருவத்திற்கும் ஏற்ப மாறுவதால், வீட்டு மருத்துவத்தில் பாதுகாப்பான அளவை வரையறுத்தல் இயலாது. அவிப்பதாலும் நஞ்சு நீங்குவதில்லை. இலங்கையில் வற்றாளைக் கிழங்கெனக் கருதி இதனை அவித்துண்டோர் நஞ்சுக்கு ஆளானமை மருத்துவப் பதிவுகளில் காணப்படுகிறது. பொதுவாகக் கிடைக்கும் முறிமருந்தும் இல்லாமையால், உண்டவரைக் காலந்தாழ்த்தாது மருத்துவமனையில் சேர்ப்பதே வழி.

முடிவுரை

அகராதியும் உரையும் ஒரு செடிப்பெயருக்கு 'மருந்துக் கிழங்கு' என்றளவில் பொருள் தருமாயின், அது பயனைக் கூறிக் கேட்டினை மறைப்பதாகும். காந்தளுக்குப் பொருள் எழுதுமிடத்து 'உண்ணத்தகாத நச்சுக்கிழங்கு உடையது' என்னும் குறிப்பைச் சேர்த்தல் சொற்பொருளை முழுமையாக்கும். அப்பெயரை நம்பிக் கிழங்கைத் தேடிச் செல்வோர்க்குக் காப்பாகவும் அமையும்.