நடுவில் தொங்காத ஸ்கோர்போர்டு

நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியில் உள்ள பார்க்ளேஸ் சென்டர் 2012-ல் திறக்கப்பட்டது. கூடைப்பந்து பார்க்க அருமையான அரங்கு. 2015-ல் நியூயார்க் ஐலாண்டர்ஸ் என்ற தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணி அங்கே குடியேறியபோதுதான் வேடிக்கை ஆரம்பித்தது. கூரையிலிருந்து தொங்கும் ராட்சத ஸ்கோர்போர்டு ஆடுகளத்தின் மையத்துக்கு மேலே இல்லை. ஒருபக்கமாக, நீலக் கோட்டுக்கு மேலே தொங்கியது. ஒரு மூலையில் தடுப்புச் சுவருக்கும் இருக்கைகளுக்கும் நடுவே வெற்றிடம் கிடந்தது. அதில் விளம்பரத்துக்காக ஒரு எஸ்யூவி காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மேலடுக்கின் சில பகுதிகளில் உட்கார்ந்தவர்களுக்கோ ஒரு பக்கத்து கோலே தெரியவில்லை.

உண்மையில் ஸ்கோர்போர்டு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. நகர்ந்துபோனது அதன் கீழே இருந்த பனித்தளம்.

இந்த ஐஸ் ஹாக்கி எழும்பூர் மைதானத்தில் நாம் பார்க்கும் ஹாக்கி அல்ல. பக்கத்துக்கு ஆறு பேர், காலில் ஸ்கேட்டு, பந்துக்குப் பதில் 'பக்' என்ற கெட்டி ரப்பர் வட்டு. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் பனித்தளம் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். அதே அரங்கைப் பங்கு போட்டுக்கொள்ளும் கூடைப்பந்து ஆடுகளம் ஏறக்குறைய 29 மீட்டருக்கு 15 மீட்டர்தான். பரப்பில் மூன்றரை மடங்கு வித்தியாசம். கூடைப்பந்தை மட்டும் மனதில் வைத்து இருக்கைகளை அடுக்கிவிட்டால், ஹாக்கிக்காக நீளவாக்கில் இரு முனையிலும் 16 மீட்டர் வீதம் இடம் தேட வேண்டியிருக்கும். கீழ் வரிசைகளை மடக்கி உள்ளே தள்ளிவிடும் வசதி பல நவீன அரங்குகளில் உண்டு. ப்ரூக்ளினில் ஒரு முனையில் அது போதவில்லை. பனித்தளத்தை மறுமுனைக்குத் தள்ளினார்கள். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி முதலில் வரைந்த அரங்கு இதைவிடப் பெரியது. செலவைக் குறைக்க 2009-ல் அந்த வரைபடத்தைக் கைவிட்டுச் சிறியதாகக் கட்டியதன் விலை இது.

நீளத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம். பார்வைக் கோட்டை அப்படிச் சமாளிக்க முடியாது. இந்த விஷயத்தில் முதன்முதலாகக் கணக்குப் போட்டவர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர். எடின்பரோ அருகே ஒரு கால்வாயில், உருக்குலையாமல் நெடுந்தூரம் ஓடிய ஒற்றை அலையைக் குதிரையில் துரத்திப் போய்ப் பார்த்து இயற்பியலில் பெயர் வாங்கியவர் இவர்தான். அது 1834-ல். நான்கு ஆண்டு கழித்து, கூட்டம் உட்காரும் அரங்குகளைப் பற்றி எழுதினார். சினிமா தியேட்டரில் முன்சீட்டுக்காரரின் தலை திரையை மறைக்கும் அதே தொல்லைதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. எல்லாப் படிகளையும் ஒரே உயரத்தில் கட்டினால் பின்வரிசைக்காரர் நஷ்டப்படுவார். பின்னால் போகப் போகப் படியின் உயரம் கூட வேண்டும் என்பது அவர் கண்ட விடை. பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் கேலரி நேர்கோடாக ஏறாமல் மெல்ல மேல்நோக்கி வளையும்.

இன்றைய வடிவமைப்பாளர்கள் இதை 'சி மதிப்பு' என்ற எண்ணால் அளக்கிறார்கள். உங்கள் கண்ணிலிருந்து ஆடுகளத்தில் ஒரு புள்ளிக்கு இழுக்கும் கோடு, முன்வரிசைக்காரரின் கண்மட்டத்துக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் போகிறது என்பதே அந்த எண். 60 என்றால் ஏதோ பரவாயில்லை, 90 நல்லது, 120 பிரமாதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் பார்க்கும் புள்ளி 30 மீட்டர் தள்ளி, உங்கள் கண்ணுக்கு 10 மீட்டர் கீழே இருக்கிறது. படியின் அகலம் 80 சென்டிமீட்டர். படி உயரம் 35 சென்டிமீட்டர் என்றால் சி மதிப்பு ஏறக்குறைய 83. உயரத்தை 45 ஆக்கினால் 183. பத்து சென்டிமீட்டர் சிமென்ட்தான், மதிப்பு இரு மடங்கைத் தாண்டிவிட்டது. அதற்காக இஷ்டத்துக்கு உயர்த்திக்கொண்டே போகவும் முடியாது. கேலரியின் சரிவு 34 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது பிரிட்டனின் மைதானப் பாதுகாப்புக் கையேடு சொல்லும் எல்லை. அதற்கு மேல் போனால் இறங்கும்போது தலை சுற்றும், தடுக்கினால் உருண்டுபோவோம்.

கூடைப்பந்தில் இல்லாத இன்னொரு தலைவலி ஹாக்கியில் உண்டு. பனித்தளத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் ஒளி புகாத பலகைச் சுவர். அதற்கு மேலே இருப்பது கண்ணாடி, அதனூடே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பக்கின் கனம் இரண்டரை சென்டிமீட்டர்தான், அது ஓடுவதோ தரையோடு தரையாக. வீரர்கள் அதற்காக முட்டிமோதிக்கொள்வதும் பெரும்பாலும் அந்தச் சுவரோரத்தில்தான். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி, பனியிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் கண் இருந்தால், உங்கள் பக்கத்துச் சுவரை ஒட்டி 2.7 மீட்டர் அகலத்துக்கு ஐஸ் மறைந்துபோகும். அதே தூரத்தில் 7 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்தால் மறைவது 1.8 மீட்டர். கூடைப்பந்துக்காகத் தளர்வாகச் சாய்த்த கேலரி ஹாக்கிக்கு ஆகாமல் போவதற்கு இதுவே காரணம். கண்ணாடியை ஒட்டிய முன்வரிசைக்குத்தான் விலை அதிகம். முழு ஆட்டத்தையும் படிக்க விரும்புகிறவருக்கு, என் கணக்கில், இருபது வரிசை மேலே உட்காருவது மேல்.

பழைய அரங்குகள் இந்த விஷயத்தில் ஒரு வகையில் கெட்டிக்காரத்தனமானவை. 1931-ல் கட்டிய டொராண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் போன்றவற்றில் ரசிகர்கள் பனிக்கு மிக அருகில் இருந்தார்கள். இப்போது மேலடுக்கு தூரம் போய்விட்டதற்குப் பெரிய காரணம் பணம். கீழடுக்குக்கும் மேலடுக்குக்கும் நடுவே பணக்கார வாடிக்கையாளர்களுக்கான சொகுசு அறைகளை ஒரு வளையமாகச் செருகினால் மேலே இருப்பவர் ஒரு மாடி உயரம் போகிறார். இரண்டு வளையம் என்றால் இரண்டு மாடி. அரங்கின் வருமானத்தில் அந்த அறைகளின் பங்கு பெரிது என்பது உண்மைதான். அதற்கான தூரத்தைச் சுமப்பவர், இருப்பதிலேயே மலிவான டிக்கெட் வாங்கியவர்.

கூட்டமே ஐஸுக்கு எதிரி என்பதையும் சொல்லிவிட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடும். 17,000 பேர் என்றால் 1.7 மெகாவாட். அத்தனை பேரின் மூச்சில் வரும் ஈரம் வேறு. அவர்களுக்கு நடுவே, மூன்று சென்டிமீட்டர் கனம்கூட எட்டாத பனிப்பாளத்தை உறைநிலைக்கு நாலைந்து டிகிரி கீழே வைத்திருக்க வேண்டும். கான்கிரீட் தளத்துக்குள் கிலோமீட்டர் கணக்கில் புதைத்த குழாய்களில் குளிர்ந்த உப்புக்கரைசலோ கிளைகால் என்ற திரவமோ ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. காற்றோட்டத்தையும் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும். ரசிகருக்குக் குளிராமலும் ஐஸ் இளகாமலும். கோல்களுக்குப் பின்னால் தொங்கும் வலையும் இருக்கைத் திட்டத்தில் சேர்த்திதான். 2002-ல் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் அரங்கில் பக் பட்டு 13 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தபின், அடுத்த சீசனிலிருந்து லீக் அதைக் கட்டாயமாக்கியது.

ப்ரூக்ளின் கதைக்கு நேர் எதிரானது சியாட்டில். அங்கே 1962 உலகக் கண்காட்சிக்காக பால் தைரி வடிவமைத்த, கூடாரம் போன்ற கூரை கொண்ட அரங்கு ஒன்று உண்டு. 1995-ல் கூடைப்பந்துக்காக உள்பகுதியை மாற்றிக் கட்டினார்கள். ஹாக்கிக்குப் போதிய இடம் விடவில்லை. அங்கே ஆடிய இளையோர் அணியின் ஆட்டங்களிலும் ஸ்கோர்போர்டு மையம் தவறியே தொங்கியது. ப்ரூக்ளின் அரங்கு திறப்பதற்குப் பதினேழு ஆண்டு முன்பே நடந்த அதே கோளாறு. யாரும் பாடம் கற்கவில்லை.

பிறகு தேசிய லீக்கில் சியாட்டில் இடம் தேடியபோது, பாதுகாக்கப்பட்ட சின்னமான கூரையைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு புது அரங்கு கேட்டார்கள். கூரையின் எடை ஏறக்குறைய 20,000 டன். தற்காலிகத் தூண்களால் அதை அந்தரத்தில் தாங்கி நிறுத்திவிட்டு, கீழே இருந்ததையெல்லாம் இடித்து, மண்ணை ஆழத் தோண்டி, ஹாக்கிக்கு ஏற்ற புதிய கேலரியைக் கட்டினார்கள். பக்கவாட்டில் விரிய வழியில்லாததால் பூமிக்குள் இறங்கினார்கள். 2021 அக்டோபரில் திறந்த இந்த கிளைமேட் பிளெட்ஜ் அரேனாவில் ஹாக்கிக்கு 17,151 இருக்கைகள். கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேமித்து ஐஸ் ஆக்குகிறார்கள். சியாட்டிலில் மழைக்குப் பஞ்சமா என்ன! நடுவே தொங்கும் ஸ்கோர்போர்டு இங்கே கிடையவே கிடையாது. இரு முனைகளிலும் முக்கோண வடிவில் ஒவ்வொன்று. மேலடுக்கில் இருப்பவர் எதிர்ப்பக்கம் வரை தடையில்லாமல் பார்க்கலாம்.

ஐலாண்டர்ஸும் ப்ரூக்ளினை விட்டு வெளியேறி, பெல்மான்ட் பார்க் குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் ஹாக்கியை முதலில் வைத்து வடிவமைத்த யூபிஎஸ் அரேனாவுக்குப் போய்விட்டார்கள். கூட்டத்தின் சத்தம் சிதறாமல் இருக்கக் கூரையை வேண்டுமென்றே தாழ்வாக வைத்தார்கள். 2021 நவம்பரில் நடந்த முதல் ஆட்டத்தில் கால்கரி ஃப்ளேம்ஸ் அணி அவர்களை 5-2 என்று தோற்கடித்தது. ஃப்ளேம்ஸின் சொந்த அரங்கு 1983-ல் திறந்த சேடில்டோம்; குதிரைச் சேணம் போல நடுவில் தாழ்ந்த அதன் கூரையிலிருந்து கனமான சாதனங்களைத் தொங்கவிட முடிவதில்லை என்பது பெரிய இசை நிகழ்ச்சிக்காரர்களின் நெடுநாள் குறை. சேடில்டோமுக்குப் பதிலாக 'ஸ்கோஷியா பிளேஸ்' என்ற புது அரங்கின் கட்டுமானம் 2024-ல் தொடங்கியது. 2027-ல் திறப்பதாகத் திட்டம்.