குண்டு விழும் மலையில் ஒரு மருத்துவர்

சூடானின் நூபா மலைப்பகுதியில் கிடெல் என்றொரு சிற்றூர். அங்கே கத்தோலிக்க மறைமாவட்டம் நடத்தும் மதர் ஆஃப் மெர்சி மருத்துவமனைக்கு, 2008இல் தொண்டூழியராக வந்து சேர்ந்தார் அமெரிக்க மருத்துவர் டாம் கட்டினா.

2011இல் அங்கே சூடான் அரசுப் படைகளுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே போர் மூண்டது. வெளிநாட்டு ஊழியர்கள் பலர் கிளம்பினார்கள், அவர் கிளம்பவில்லை. தான் போய்விட்டால் காயம்பட்டு வருகிறவர்களை யார் பார்ப்பது என்ற கேள்விதான் அவரை நிறுத்தியது.

பல ஆண்டுகள் அங்கே அவர் ஒருவரே அறுவை மருத்துவர். குண்டுச் சிதறல் பட்டவர், பிரசவ வலியோடு வந்தவள், மலேரியாவில் நடுங்கும் குழந்தை என எல்லோரையும் அவரே பார்த்தார். வந்தவர் கிறிஸ்தவரா, முஸ்லிமா என்று கேட்டதில்லை. விமான இரைச்சல் கேட்டால், நடக்க முடிந்த நோயாளிகள் வளாகத்தில் வெட்டிய குழிகளுக்குள் பாய்வார்கள். 2014இல் மருத்துவமனை மீதே குண்டுகள் விழுந்தன.

2017இல் அவருக்கு, மனிதநேயப் பணிக்காக வழங்கப்படும் அரோரா பரிசு கிடைத்தது. ஆனால், உள்ளூர் இளைஞர்களைச் செவிலியர்களாகப் பயிற்றுவித்ததே அவர் செய்தவற்றில் ஆகப் பெரியது என்று தோன்றுகிறது. சில மாதங்களுக்கு வந்துபோகும் தொண்டர்களால் அந்த வேலையை முடிக்க இயலாது. புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் மயக்கமருந்து கொடுப்பதும் இன்று அந்த மலையின் பிள்ளைகளே.