புதிய அந்துப்பூச்சிகளைக் குறித்து வைத்தல்

பயிரில் புதிதாக ஒரு புழு தோன்றினால், அதற்கு என்ன மருந்து என்பதே குடியானவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. அது இன்ன ஜாதி என்றறியாமல் மருந்து சொல்வது, நோய் அறியாமல் பத்தியம் சொல்வதையொக்கும். மக்காச்சோளப் படைப்புழுவின் வரலாறு இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும்.

இப்பூச்சியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஜார்ஜியா நாட்டில் ஜான் அபட் என்பவர் பூச்சிகளை வளர்த்து, அவற்றின் சித்திரங்களை எழுதினார். அச்சித்திரங்களுடன் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் 1797-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இதற்குப் பெயரும் அடையாளமும் ஏற்பட்டன. அந்நாட்டின் அபூர்வமான வண்ணாத்திப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றியது அந்நூல். அபூர்வங்களோடு சேர்த்து எழுதப்பட்ட இந்த அந்து, 2016-இல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதத்தில் கர்நாடகத்துச் சிவமொக்காவிலும் காணப்பட்டது. இந்தியாவில் அதுவே முதற்பதிவு. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிலும் பரவிற்று. உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்து மக்காச்சோளம் கோழித் தீவனத்திற்கு ஆதாரமாகையால், இப்புழுவால் நேரும் நஷ்டம் காட்டோடு நிற்பதில்லை.

முதற் பார்வைக்கு இது புகையிலை வெட்டுப்புழுவைப் போலவே தோன்றும். உற்று நோக்கினால், வளர்ந்த புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போன்ற வெளிர்கோடும், வாற்பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் தெரியும்.

பெயர் நிச்சயமானதும், பிற தேசங்களில் நெடுங்காலமாகச் சேர்ந்த அறிவு முழுவதும் நமக்குக் கிடைக்கிறது. முட்டைகள் குவியலாக இடப்பட்டு ரோமம் போன்ற செதில்களால் மூடப்பட்டிருக்குமாதலால், அவற்றை இலையோடு கிள்ளி நசுக்கலாம். கூட்டுப்புழு மண்ணுக்குள் இருப்பதால் கோடை உழவு பயன் தரும். இனக்கவர்ச்சிப் பொறியிலோ அந்தந்த ஜாதிக்குரிய வாசனையையே வைக்கவேண்டும். ஜாதி தவறினால் பொறி வீணாகும்.

புதியது இன்னதென்று சொல்லப் பழைய ஜாபிதா வேண்டும். கோயமுத்தூரில் அவ்வேலை நெடுநாளாக நடந்துவருகிறது. பெயின்பிரிட்ஜ் பிளெட்சர் 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி நூல் வெளியிட்டார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் பூச்சி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

கிராமத்தார் செய்யக்கூடியது பின்வருமாறு:

1. அறிமுகமில்லாத புழுவை, அது தின்னும் இலையோடு அகன்ற வாய்ப் புட்டியில் இட்டு, அடியில் ஈரமண் பரப்பி, வாயைத் துணியால் கட்டி, அந்து வெளிவரும்வரை வளர்க்கவேண்டும்.

2. அந்தின் சிறகுத் தூள் உதிராதபடி, அதனை முக்கோணமாக மடித்த காகிதத்தில் வைக்கவேண்டும்.

3. கிராமம், தாலுகா, தேதி, பயிர், பயிரின் வயது, சேதமான பாகம், கண்டெடுத்தவர் பெயர் ஆகியவற்றை உடனே எழுதிச் சேர்க்கவேண்டும். இக்குறிப்பில்லாத பூச்சியால் அது எங்கே, எப்போது வந்ததென்று அறிய இயலாது.

4. உயிருள்ள பூச்சியை வேறு ஊருக்குக் கொண்டுபோகலாகாது. ஓர் இரவு உறைபனிப் பெட்டியில் வைத்துக் கொன்றபின், அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒப்புவிக்கவேண்டும்.

புதிய அந்து ஒவ்வொன்றும் பயிருக்குப் பகையன்று. பூக்களில் மகரந்தம் சேர்ப்பவையும் உண்டு. ஆகவே கண்டவுடன் மருந்தடிப்பது முறையாகாது. ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரை பறக்கவல்ல பூச்சி இது. அத்தகையதை முதலில் காண்பவர் தம் வயலில் நிற்கும் குடியானவரே. அவர் அன்றே எழுதி அனுப்பும் நாலு வரி, அடுத்த தாலுகாவின் விளைச்சலைக் காப்பாற்ற உதவும்.